அத்தியாயம் 7: ஆள்துணை இல்லாமல் பிறேக் எயார் எடுத்தல்

மன்னார்த் தீவில் பிறேக் கொதிக்கிற அளவுக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தாராபுரத்திலிருந்து தலைமன்னார் பியர் வரை போனாலும், பாலம் தாண்டி உயிலங்குளம், முருங்கன் பக்கம் போனாலும் பெடலை லேசாகத் தொட்டால் வண்டி நின்றுவிடும். அதனால் பிறேக் ஒயிலைப் பற்றி இங்கே யாரும் யோசிப்பதில்லை. குறைந்தால் ஊற்றுவார்கள், மாற்ற மாட்டார்கள். பிழை தெரியவருவது ஓகஸ்ட் விடுமுறையில். வானை நிரப்பிக்கொண்டு மதவாச்சி, தம்புள்ளை, கண்டி என்று போய், றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போது ஒன்றும் தெரியாது. திரும்பி இறங்கும்போது வளைவுக்கு வளைவு பெடலை அமத்த வேண்டும். சில்லின் சூடு சிலிண்டருக்குள் இருக்கும் ஒயிலுக்கு ஏறுகிறது. அந்த ஒயில் இரண்டு மூன்று வருடமாகக் கடற்கரைக் காற்றிலிருந்து உறிஞ்சி வைத்த ஈரம் ஆவியாகிறது. ஒயில் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரையைத் தொடும்; வண்டி நிற்காது.

இதற்குக் கணக்கு உண்டு. புதிதாக உடைத்த டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. டொட் 4 என்றால் 230, தண்ணீர் சேர்ந்தபின் 155. உங்கள் வண்டிக்கு டொட் 3 போதும் என்று ஒயில் தாங்கியின் மூடியில் எழுதியிருந்தாலும் டொட் 4 ஊற்றலாம், இரண்டும் ஒரே இனம்தான். டொட் 5 என்ற சிலிக்கன் வகையை மட்டும் கிட்டவும் எடுக்காதீர்கள். அது இவற்றோடு கலக்காது. டொட் 5.1 வேறு, அது டொட் 4இன் உறவு. கடைக்காரர் 5ஐயும் 5.1ஐயும் ஒன்றென்று சொன்னால் போத்தலை வாங்கி நீங்களே வாசித்துப் பாருங்கள்.

மலைக்கே போகாத வண்டிக்கும் இதே ஈரம் கெடுதல் செய்கிறது, வேறு வழியாக. உள்ளே சிலிண்டர் சுவரில் துரு பிடிக்கும். வெளியே உப்பு வேலை செய்யும். தீவின் தென்கரையில் நிற்கும் தம்பபவனி காற்றாலைகள் முப்பதையும் சுற்றுகிற அதே சோளகக் காற்றுத்தான் உங்கள் வண்டியின் அடிப்பக்கத்துக்கும் உப்பைக் கொண்டுவந்து ஒட்டுகிறது. பேசாலையில் வாடிக்குப் பக்கத்தில் மீன் ஏற்றும் வண்டிகளுக்கு இன்னும் மோசம்: ரெஜிபோம் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் பின் அச்சின் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சொட்டு விழும் இடத்தில்தான் பிறேக் குழாயும் போகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகள் எல்லாம் இன்னும் பழையதாகின. டொல்பின் வான், டவுன்ஏஸ், மாருதி, பட்டா என்று ஓடிக்கொண்டிருக்கும் பலவற்றின் மாஸ்டர் சிலிண்டர் இருபது வயதைத் தாண்டியது. இந்த அத்தியாயம் அப்படிப்பட்ட வண்டிகளுக்காக எழுதப்பட்டது.

ஒரு விலக்கு முதலிலேயே: அக்குவா, பிரியஸ் போன்ற டொயோட்டா ஹைபிரிட்டை இந்த அத்தியாயத்தில் சொல்லும் முறையில் தொடாதீர்கள். அவற்றின் பிறேக்கில் மின்பம்பும் உயர் அழுத்தச் சேமிப்பும் இருக்கின்றன. சில மாடல்களில் சாரதிக் கதவைத் திறந்தாலே பம்ப் ஓடத் தொடங்கிவிடும். ஸ்கானர் வைத்திருக்கும் இடத்தில்தான் அது செய்யவேண்டிய வேலை. ஏ.பி.எஸ். உள்ள சாதாரண கார் என்றால் ஒயில் மாற்றுவதில் தடையில்லை. ஆனால் தாங்கி வற்றி ஏ.பி.எஸ். பெட்டிக்குள் காற்றுப் போயிருந்தால் அதற்கும் ஸ்கானர் வேண்டும்.

ஏன் காற்றழுத்தம்

ஒயில் மாற்றவும் எயார் எடுக்கவும் வழமையான முறை எல்லோருக்கும் தெரியும். ஒருவர் வண்டிக்குக் கீழே படுத்திருப்பார், இன்னொருவர் சீற்றில். "தம்பி, அமத்திப் பிடி… விடாத, விடாத… சரி, விடு!" தம்பி ஒரு கணம் முந்தி விட்டுவிட்டால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது மாஸ்டர் சிலிண்டருக்கு நடப்பது. அன்றாட ஓட்டத்தில் பிஸ்டன் முன்பாதித் தூரம்தான் போய்வருகிறது. மீதித் தூரத்தில் வருடக்கணக்காக ஈரமும் கசடும் படிந்து துரு பூத்திருக்கும். சில்லில் ஒயில் வெளியேறும் நிப்பிளைத் திறந்து வைத்துக்கொண்டு பெடலைத் தரை வரை அமத்தும்போது, கப் றப்பர் முதல் தடவையாக அந்தத் துருவின் மேல் உரசிப் போகிறது. காலையில் எயார் எடுத்த வண்டியின் பெடல் பின்னேரம் மெல்ல மெல்லத் தாழ்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். கராஜில் "மாஸ்டர் போயிட்டுது" என்பார்கள். போனதல்ல, போக்கியது.

காற்றழுத்த முறையில் பெடலை யாரும் தொடுவதில்லை. ஒயில் தாங்கியின் மூடியை எடுத்துவிட்டு, குழாய் பொருத்திய வேறு மூடியைப் போட்டு, அதன் வழியாகக் குறைந்த அழுத்தத்தில் காற்றைக் கொடுக்கிறோம். தாங்கிக்குள் இருக்கும் ஒயில் குழாய்கள் வழியாகத் தள்ளப்பட்டு நிப்பிளால் வெளியேறுகிறது. ஓர் ஆளே எல்லாச் சில்லையும் முடிக்கலாம். நிப்பிளின் மரையால் காற்று உள்ளிழுபட்டுப் பொய்க்குமிழி காட்டும் தொல்லையும் இதில் இல்லை. அது நிப்பிளிலிருந்து ஒயிலை உறிஞ்சி எடுக்கும் முறைக்குரிய வியாதி.

கருவி

கொழும்பிலும் இணையக் கடைகளிலும் செய்து முடித்த கருவிகள் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை போத்தலுக்குள்ளேயே புது ஒயிலை ஊற்றி, அதைத் தாங்கிக்குள் அனுப்பும் வகை. கூடவரும் மூடி உங்கள் வண்டிக்குப் பொருந்தாமல் போவதுதான் வழமை. அதனால் மூடியை நாமே செய்துகொள்வது நல்லது. உங்கள் வண்டி மாடலுக்குரிய பழைய தாங்கி மூடியொன்றைப் பழைய சாமான் கடையில் தேடுங்கள். இங்கே கிடைக்காவிட்டால் கொழும்புக்குப் போகும் யாரிடமாவது சொல்லிப் பஞ்சிகாவத்தையில் பார்க்கலாம். மூடியின் நடுவில் 11.5 மில்லிமீற்றர் துளை போட்டு, ரியூப் இல்லாத ரயருக்குப் போடும் வால்வை இழுத்து மாட்டி, அதன் உள்ளூசியைக் கழற்றிவிடுங்கள். மூடியிலேயே காற்றுப் போகச் சிறு வழி இருக்கும், அதை அடைக்க வேண்டும். சைக்கிள் ரியூபில் வட்டமாக வெட்டிய றப்பரை உட்பக்கம் வைத்தால் போதும். ரியூப் றப்பர் பிறேக் ஒயிலில் ஊதிப் பெருக்காது.

காற்றுக்கு இரண்டு வழி. நானாட்டான், முருங்கன் விவசாயக் கடைகளில் கிடைக்கும் இரண்டு லீட்டர் கைப்பம், பூக்கன்றுக்கு மருந்தடிப்பது. அதில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்திக்கொள்ள வேண்டும். புதிதாக வாங்குங்கள்; வீட்டில் கிடக்கும், ஏற்கெனவே மருந்தோ மண்ணெண்ணெயோ போன பம் வேண்டாம். எஞ்சின் ஒயில், பவர் ஸ்ரியரிங் ஒயில், மண்ணெண்ணெய் இவற்றில் ஒரு துளி தாங்கிக்குள் விழுந்தாலும் மாஸ்டர் முதல் சில்லுச் சிலிண்டர் வரை எல்லா றப்பரும் ஊதிப்போகும், பிறகு முழுவதையும் மாற்ற வேண்டிவரும். மற்ற வழி வண்டியிலேயே இருக்கிறது: ஸ்பெயார் வீல். அதன் காற்றை 15 பி.எஸ்.ஐ.க்கு மேல் இல்லாமல் இறக்கிவிட்டு, இரண்டு நுனியிலும் வால்வுத் தலை பூட்டிய குழாயால் மூடியோடு இணைக்கலாம். ரயருக்குள் காற்று நிறைய இருப்பதால் அழுத்தம் சட்டென்று விழாது. வெளிநாட்டில் கன்சன் நிறுவனம் விற்கும் மலிவான கருவி வேலை செய்வதும் இந்த விதத்தில்தான். அவர்களும் 20 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகவேண்டாம் என்கிறார்கள். எனக்குப் பிடித்தது இந்த ரயர் வழி. வேலை முடிந்தவுடன் அந்த ரயருக்கு மறக்காமல் காற்றடித்துவிட வேண்டும், அவ்வளவே.

இரண்டு வழியிலும் குழாயால் காற்று மட்டும் போகட்டும்; ஒயில் தாங்கியிலேயே இருக்கட்டும். கைப்பம்மின் உள் றப்பர் எந்த இனம் என்று கடைக்காரருக்கும் தெரியாது. அதற்குள் பிறேக் ஒயிலை ஊற்றி, கரைந்த றப்பரை மாஸ்டருக்குள் அனுப்புவது எதற்கு? இடையிடையே நிறுத்தித் தாங்கியை நிரப்ப வேண்டியிருக்கும் என்பதுதான் இதன் சிரமம்.

முதல்நாள் பின்னேரம்

தீவில் இந்த வேலையின் பாதி நிப்பிளோடு மல்லுக்கட்டுவதுதான். றப்பர்த் தொப்பி எப்போதோ விழுந்து, துளைக்குள் உப்பும் மணலும் இறுகி, ஆறுமூலைத் தலை உருண்டை ஆகியிருக்கும். எனவே முதல்நாள் பின்னேரமே தொடங்குங்கள். கம்பித் தூரிகையால் நிப்பிளின் அடியைச் சுற்றித் தேயுங்கள். துரு இளக்கும் ஸ்பிரேயை மரைக்கு அடித்துவிட்டுப் படுக்கப் போகுமுன் இன்னொரு தடவை அடியுங்கள். ஒயில் படக்கூடாத பிறேக் பாட், டிஸ்க் பக்கம் அது தெறிக்காமல் துணியால் மறைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் வாய் திறந்த ஸ்பனரால் தொடாதீர்கள். ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் 8 அல்லது 10 மில்லிமீற்றர். அதற்கு ஆறுமூலை ரிங் ஸ்பனர் அல்லது சொக்கெட். சிறு சுத்தியலால் நிப்பிளின் தலையில் நேராக நாலைந்து தட்டு. பிறகு கழற்றும் பக்கமாக இழுக்காமல், முதலில் இறுக்கும் பக்கமாக மயிரளவு அசைத்துப் பாருங்கள். துரு உடைகிற சிறு "டிக்" சத்தம் கைக்குத் தெரியும். அதன்பின் கழற்றும் பக்கம் திருப்பினால் வரும். வராமல், ஸ்பனர் திரும்பியும் அடி திரும்பாமல், இரும்பு இழுபடுவதுபோல் கைக்கு மெத்தென்று தோன்றினால் அந்தக் கணமே நிறுத்துங்கள். அது முறுகுகிறது, இன்னும் கால் சுற்றில் உடையும். உடைந்த நிப்பிளை எடுக்க டிரில்லும் பொறுமையும் வேண்டும், சில நேரம் புதுச் சிலிண்டரே வேண்டும். நாலு நிப்பிளும் அசையும் என்று தெரிந்த பிறகே தாங்கி மூடியைத் திறப்பது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாற்றி ஒன்று மாறாத வண்டியும் ஓடும்தான், ஆனால் நிப்பிள் உடைந்து ஒழுகும் வண்டியை முற்றத்திலிருந்து நகர்த்த முடியாது.

அதே நேரம், குழாய்களையும் கண்ணால் பாருங்கள். அழுத்தமானியில் 15 காட்டும்போது ஒழுகாத குழாய் நல்ல குழாய் என்று நினைத்துவிடாதீர்கள். நாய் குறுக்கே பாய்ந்து நீங்கள் பெடலை ஓங்கி மிதிக்கும்போது உள்ளே ஏறும் அழுத்தம் 1,000 பி.எஸ்.ஐ.யையும் தாண்டக்கூடியது. கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் மணல் தங்கும், மணலில் உப்பு ஈரம் தங்கும், குழாய் அங்கேதான் மெலியும். நகத்தால் சுரண்டினால் துரு செதிலாக உதிர்கிறதா? அப்படியானால் இந்த அத்தியாயத்தை மூடிவிட்டு, குழாயை மாற்றியபின் திரும்பி வாருங்கள்.

வேலை

காலையிலேயே தொடங்குங்கள், காற்று எழும்புமுன். சோளகத்தில் மத்தியானத்துக்குப் பிறகு தாங்கியைத் திறந்தால் மணல் விழும். வேம்பு நிழல் நல்லதுதான், ஆனால் இலையும் பூவும் கொட்டும். கூரை உள்ள இடம் மேல். வெயிலில் வைத்த ரயரிலோ பம்மிலோ அழுத்தம் தானாக ஏறும் என்பதால் நிழல் எப்படியும் வேண்டும்.

வான் என்றால் ஜக் போடாமலே கீழே போய்க் கை எட்டிக்கொள்ளலாம், அதைத்தான் சொல்வேன். பின் அச்சுக்கு மேலே பாரத்துக்கு ஏற்பப் பிறேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு சில வான்களில் இருக்கிறது. வண்டி சில்லில் நிற்கும்போதுதான் அது திறந்திருக்கும், அதற்கும் தனி நிப்பிள் இருந்தால் கடைசியாக அதையும் திறக்க வேண்டும். காரைத் தூக்கியே ஆக வேண்டும் என்றால் நமது மணல் முற்றத்தை நம்பாதீர்கள். இரண்டு அங்குலத் தடிப்புப் பலகை, ஒன்றரை அடிச் சதுரம், ஜக்குக்கு ஒன்று, ஸ்டாண்ட் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. பழைய ரெயில் சிலிப்பர்க் கட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. தூக்கியபின் வண்டியைக் கையால் பலமாக ஆட்டிப் பார்த்துவிட்டே கீழே போக வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுப்பது எந்தத் தரையிலும் கூடாது.

மருந்துக்கடையில் வாங்கிய பெரிய சிரிஞ்சால் தாங்கியிலிருக்கும் பழைய ஒயிலை அடிக்கசடு கலங்காமல் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை மேல்கோடு வரை ஊற்றுங்கள். பழையது பிளேன்ரீ நிறத்தில் இருக்கும், புதியது ஏறக்குறைய நிறமில்லாமல் இருக்கும். இந்த வித்தியாசம்தான் பிறகு உங்களுக்கு அடையாளம். செய்த மூடியைப் பூட்டி, 10 பி.எஸ்.ஐ. மட்டும் கொடுத்து, ஒரு நிப்பிளும் திறக்காமல் மூன்று நிமிடம் பொறுத்திருங்கள். மூடியைச் சுற்றிச் "சீ" என்ற சத்தமோ, கசிவோ, தாங்கி ஊதுவதோ தெரிந்தால் அழுத்தத்தை விட்டுவிட்டுத் திருத்துங்கள். ஊசி அசையாமல் நின்றால் 15க்கு ஏற்றலாம். அதற்கு மேல் போவதால் ஒரு நன்மையும் இல்லை. பழைய பிளாஸ்டிக் தாங்கி வெடித்தால் ஒயில் முகத்துக்கு வரும். கண்ணாடி போடாமல் இந்தக் கட்டத்துக்கு வராதீர்கள்.

எந்தச் சில்லு முதலில்? அமெரிக்கக் காணொளிகளில் வலப் பின்சில்லு என்பார்கள். அவர்களுக்கு ஸ்ரியரிங் இடப்பக்கம். நமது வண்டிகளில் மாஸ்டர் பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கிறது, ஆகவே ஆகத் தூரமானது இடப் பின்சில்லு. அதிலிருந்து வலப் பின், இட முன், வல முன் என்று வாருங்கள். உங்கள் வண்டிக் கையேடு வேறு ஒழுங்கு சொன்னால் கையேட்டைக் கேளுங்கள், என்னையல்ல.

மீன்தொட்டிக் கடையில் விற்கும் தெளிந்த குழாயை நிப்பிளில் மாட்டி, முதலில் ஒரு சாண் மேலே எழுப்பி, பிறகு வளைத்து, கீழே கொஞ்சம் ஒயில் ஊற்றிய போத்தலுக்குள் விடுங்கள். மேலே எழுப்புவது குமிழி நிப்பிளைவிட்டு விலகி ஏறுவதற்காக. ஸ்பனரை முன்பே மாட்டிவிட்டுக் குழாயைப் பிறகு மாட்ட வேண்டும். மாறிச் செய்தால் குழாயைக் கழற்றித்தான் ஸ்பனர் போடலாம். கால் சுற்று, கூடினால் அரைச் சுற்றுத் திறவுங்கள். முதலில் கறுப்பு வரும், பிறகு மங்கல், சில நேரம் பாசிமணி கோத்ததுபோல் சிறு குமிழிகள், பிறகு தெளிவு. முதல் சில்லில் 150 முதல் 200 மில்லிலீட்டர் வரை விடவேண்டியிருக்கும், மற்றவற்றில் ஏறக்குறைய 100. ஒரே மூச்சில் விடாதீர்கள். தாங்கி கீழ்க்கோட்டை நெருங்குமுன் நிப்பிளை மூடி, அழுத்தத்தை முழுக்க விட்டு, அதன்பின் மூடியைத் திறந்து நிரப்புங்கள். அழுத்தம் இருக்கும்போது மூடியைத் திறந்தால் தாங்கியிலுள்ள ஒயில் எஞ்சினுக்கு மேலே பாயும். பெயின்றில் பட்டால் தேய்க்காமல் உடனே தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

தெளிந்தும் இடையிடையே குமிழி வந்துகொண்டேயிருந்தால் கலிப்பரை மரச்சுத்தியலால் தட்டுங்கள். அப்படியும் தீராவிட்டால் நிப்பிள் கலிப்பரின் உச்சியில் இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ எப்போதோ கழற்றிப் பூட்டும்போது இடத்தையும் வலத்தையும் மாற்றிவிட்டால் நிப்பிள் அடியில் வந்துவிடும். காற்று மேலே தங்கிவிடும். எத்தனை லீட்டர் ஊற்றினாலும் வராது. மூடும்போது பலம் காட்டாதீர்கள். 8 முதல் 10 நியூட்டன் மீற்றர் என்பது மணிக்கட்டின் பலம்தான், தோளின் பலம் அல்ல. மூடியபின் துளைக்குள் இருக்கும் ஒயிலைத் துடைத்து, புதுத் தொப்பி போடுங்கள். தொப்பிக்குள் துளி கிறீஸ் வைத்தால் அடுத்த முறை சுத்தியல் தேவைப்படாது.

சரிபார்த்தல்

எஞ்சினை அணைத்து வைத்துக்கொண்டு பெடலை நாலைந்து தடவை அமத்திவிட்டு, அமத்தியபடியே ஒரு நிமிடம் வைத்திருங்கள். உயரத்தில் கல்லாக நிற்க வேண்டும். மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது அல்லது மாஸ்டர் உள்ளே விடுகிறது. அப்படியே அமத்திய நிலையில் எஞ்சினை எழுப்பினால் பெடல் சிறிது தாழ்ந்து நிற்பது நல்ல அடையாளம், பூஸ்டர் வேலை செய்கிறது. பெடல் இறுக்கமாக இருந்தும் மிகத் தாழ்வில்தான் பிடிக்கிறது என்றால் காற்றைக் குறை சொல்லாதீர்கள். பின் ட்ரம்முக்குள் சூ தேய்ந்து விலகியிருக்கிறது, அதை அட்ஜஸ்ட் பண்ண வேண்டும். இதை அறியாமல் இரண்டாம் மூன்றாம் முறை எயார் எடுத்து ஒயிலை வீணாக்குகிறவர்கள் நிறையப் பேர்.

முதலில் ஒழுங்கையிலே நடை வேகத்தில் ஓட்டிப் பாருங்கள், பிறகு ஆளில்லாத நேரத்தில் நேர் வீதியில். திரும்பி வந்ததும் நாலு நிப்பிளையும் விரலால் தொட்டு ஈரம் உண்டா என்று பாருங்கள். நீண்ட பயணத்துக்கு முதல்நாள் இந்த வேலையைச் செய்யாதீர்கள்; ஒரு கிழமையாவது ஊருக்குள் ஓடட்டும். மாற்றிய திகதியை ஒட்டுத்துண்டில் எழுதித் தாங்கியில் ஒட்டி வையுங்கள். சாதாரண வண்டிக்கு இரண்டு வருடம், கரையில் மீன் ஏற்றும் வண்டிக்கு ஒரு வருடம். உடைத்த போத்தலில் மிச்சமிருப்பதை அந்தத் திகதிக்காக எடுத்து வைக்க வேண்டாம், நமது காற்றில் அதுவும் ஈரம் குடித்துவிடும். சிறிய போத்தல்களாக வாங்குவது அதற்காகத்தான்.

எடுத்த பழைய ஒயிலை வேலிக்கரையில் ஊற்றாதீர்கள். தீவின் நல்ல தண்ணீர் மணலுக்கடியில் அதிக ஆழமில்லாமல்தான் நிற்கிறது, நீங்கள் ஊற்றுகிற இடத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் மணலைத் தவிர ஒன்றுமில்லை. மூடியுள்ள போத்தலில் அடைத்து, மேலே எழுதி, பிள்ளைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். குடிக்கும் சோடாப் போத்தல் வேண்டவே வேண்டாம். கழிவொயில் சேர்க்கும் கராஜுக்குக் கொடுக்கும்போதும் எஞ்சின் ஒயிலோடு கலக்காமல் தனியாகக் கொடுத்து, இது பிறேக் ஒயில் என்று வாயால் சொல்லிவிடுங்கள்.